சுப்பாராவின் புகழும் அதன் ஸனதும்

அரபுக் கல்லூரிகளில் வியாழன் இரவு மாணவர் மன்றம் கூடுவது நெடுநாள் வழக்கம். கிதாபுகளை மூடி வைத்துவிட்டு, மாணவர்கள் எழுந்து நின்று பேசவும் எழுதியதை வாசிக்கவும் பழகும் இரவு அது. சில காலத்திற்கு முன் அத்தகைய மன்றமொன்றில், ஓசூர் சிப்காட் ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகனான ஏழாம் ஜும்ரா மாணவர், ‘மறக்கப்பட்ட மேதை’ எனும் தலைப்பில் உயிர்வேதியியலர் எல்லாப்பிரகடா சுப்பாராவ் குறித்துக் கட்டுரை வாசித்தார். ஏடிபியைக் கண்டுபிடித்தவர், ஃபோலிக் அமிலத்தைக் கண்டுபிடித்தவர், புற்றுநோய்க்கு மருந்து தந்தவர், யானைக்கால் நோயை ஒழித்தவர், டெட்ராசைக்ளினைத் தந்தவர், இந்தியர் என்பதாலேயே நோபல் பரிசு மறுக்கப்பட்டவர் என்று பட்டியல் நீண்டது. அவை மகிழ்ந்தது. நாம் ஒரேயொரு கேள்வி கேட்டோம்: “தம்பி, இவற்றுக்கு ஸனது என்ன?”

மாணவர் திகைத்து நின்றார். காலையில் ஹதீஸ் வகுப்பில், இன்ன அறிவிப்பாளர் இன்னாரைச் சந்தித்தாரா, தொடர் அறுபட்டுள்ளதா, அவரது நினைவாற்றல் எத்தகையது என்று வரிக்கு வரி கேட்பவர் அவர். மாலையில் விஞ்ஞானத்தைப் பற்றி எழுத உட்காரும்போது அக்கேள்விகள் அனைத்தையும் வகுப்பறையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

அவரை மட்டும் குறைகூற நமக்குத் தகுதியில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண்டு மலரில் நாமே இதே பட்டியலை, இன்னும் உரத்த குரலில் எழுதியிருக்கிறோம். அம்மலர் பாரூரில் நம் வீட்டு அலமாரியில் இன்றும் இருக்கிறது. ஆகவே, பின்வருவதை நமது பழைய கட்டுரைக்கு நாமே எழுதும் மறுப்பு எனவும் கொள்ளலாம்.

முதலில், ஐயத்திற்கு இடமில்லாதவற்றைக் கூறிவிடுவோம். சுப்பாராவ் 1895 ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்தார். சென்னையில் பள்ளிப் படிப்பை முடித்து, மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து அறுவைக் கூடத்திற்குச் சென்றதால் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார் என்றும், அதனால் எம்பிபிஎஸ் பட்டத்திற்குப் பதிலாகக் கீழ்நிலைப்பட்ட எல்எம்எஸ் பட்டமே அவருக்குக் கிடைத்தது என்றும் அவரது வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். சிறிது காலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். அவருடன் பிறந்தவர்கள் ‘ஸ்ப்ரூ’ எனப்படும் வெப்பநாட்டு வயிற்று நோய்க்குப் பலியாயினர். உணவின் சத்து உடலில் சேராமல், இரத்தம் குன்றி, மெலிந்து மாளும் நோய் அது. 1922இல் மாமனாரின் உதவியோடும் அறநிலையமொன்றின் உதவியோடும் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். பிறகு இந்தியா திரும்பவேயில்லை. மனைவி சேஷகிரி இங்கேயே இருந்தார். 1948 ஆகஸ்டில், நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் எனும் ஊரில், 53ஆம் வயதில் மாரடைப்பால் இறந்தார். மேதையைப் போற்றும் கட்டுரைகளில் அந்த அம்மையாருக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. நமது பழைய கட்டுரையில் அந்த ஒரு வரியும் இல்லை.

இனி ஆய்வுக்கு வருவோம். ஹார்வர்டில் ஓட்டோ ஃபோலின் தலைமையிலிருந்த உயிர்வேதியியல் துறையில், சைரஸ் ஃபிஸ்கே என்பாருடன் இணைந்து சுப்பாராவ் 1925இல் வெளியிட்ட கட்டுரைதான் அவரது பெயரை ஆய்வுக்கூடங்களில் நிலைநிறுத்தியது. பொருள் மிக எளியது: இரத்தத்திலோ சிறுநீரிலோ திசுவிலோ பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது எப்படி? அமிலம் கலந்த மாலிப்டேட்டைச் சேர்த்தால் பாஸ்பேட் அதனோடு கூடும். அக்கூட்டுப்பொருளை ஏற்றதொரு வினைப்பொருளால் ஒடுக்கினால் நீல நிறம் தோன்றும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். அளவு தெரிந்த கரைசலின் நீலத்தோடு ஒப்பிட்டால் கணக்குக் கிடைத்துவிடும். நிறம் கொண்டு அளக்கும் முறைகள் முன்பே இருந்தன. ஆனால் விரைவும் நிலைப்பும் நம்பகமும் ஒருங்கே வாய்த்தது இம்முறையில்தான். ‘ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை’ எனும் பெயரோடு பல பத்தாண்டுகள் உலகின் மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் அது புழங்கியது. பல்லாயிரம் ஆய்வுரைகள் அதனை மேற்கோள் காட்டியுள்ளன. பின்வந்தோர் ஒடுக்கும் பொருளை மாற்றினர். இன்றைய தானியங்கிக் கருவிகள் நீலம் தோன்றும்வரை காத்திராமலேயே ஒளியளவால் கணக்கிடுகின்றன. ஆயினும் மாலிப்டேட் எனும் அடித்தளம் நீடிக்கிறது.

நம் நண்பரான வேதியியல் ஆசிரியர் ஒருவர் இம்முறையைக் கண்ணாடிக் குழாயில் நமக்குச் செய்து காட்டினார். வெண்மையாக இருந்தது மெல்ல நீலமாயிற்று. ‘இவ்வளவுதானா!’ என்று தோன்றியது உண்மை. ஆனால் அடுத்து அவர் கூறியதே இக்கட்டுரை எழுதத் தூண்டியது. தசையிலிருந்து எடுத்த சாற்றில் இச்சோதனையைச் செய்தபோது, நீலம் வழக்கம்போல் சட்டென்று தோன்றி நிற்கவில்லை; தயங்கித் தயங்கி, நேரம் செல்லச்செல்லக் கூடிக்கொண்டே போயிற்று. அவசரக்காரர் என்றால் கரைசல் கெட்டுவிட்டது என்று கொட்டியிருப்பார். ஃபிஸ்கேயும் சுப்பாராவும் அந்தத் தயக்கத்திற்குக் காரணம் தேடினர். அமிலத்திலும் மாலிப்டேட்டிலும் பட்டவுடன் சிறிது சிறிதாக உடைந்து பாஸ்பேட்டை வெளிவிடும் ஒரு பொருள் தசையில் இருக்கவேண்டும் என்று கண்டனர். அதுவே பாஸ்போகிரியாட்டின். அதுவரை அறிவியலார் தசையில் ‘கனிமப் பாஸ்பேட்’ என்று எண்ணி அளந்ததில் பெரும்பகுதி இப்பொருளிலிருந்து உடைந்து வந்ததே என்பதை 1927இல் அறிவித்தனர்.

இதன் கனத்தை உணர, அக்காலச் சூழலை அறிதல் வேண்டும். தசையின் இயக்கம் பற்றிய ஆய்வுக்காக ஏ. வி. ஹில், ஓட்டோ மேயர்ஹோஃப் ஆகிய இருவருக்கும் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு வழங்கப்பட்டிருந்தது. லாக்டிக் அமிலமே தசைச் சுருக்கத்தின் மையம் என்ற கருத்து கோலோச்சிய காலம். அதே 1927இல் இங்கிலாந்தில் எக்கிள்டன் இணையரும் தசையில் இத்தகைய பொருளொன்றைத் தனியே கண்டு ‘பாஸ்பஜன்’ எனப் பெயரிட்டிருந்தனர். 1930இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உண்டாகாதபடி தடுத்தபோதும் தசை சுருங்குவதையும், அப்போது பாஸ்போகிரியாட்டின் செலவாவதையும் காட்டினார். பழைய கோட்பாடு சரிந்தது. ஹதீஸ் கலையில் இதனை ‘முதாபஅத்’ என்போம்: ஒருவரது அறிவிப்புக்கு வேறு வழியாக வரும் மற்றோர் அறிவிப்பு வலுச்சேர்ப்பது. இங்கே ஸனது முழுமையானது, ஆய்வேடு இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, சாட்சியும் இருக்கிறது. சுப்பாராவின் புகழைப் பாடுவோர் பெருமையுடன் நின்று விளக்கவேண்டிய இடம் இது. வியப்பு என்னவெனில், அவர்கள் இதை ஒரே வரியில் கடந்து ஏடிபிக்கு ஓடிவிடுகின்றனர்.

ஏடிபியின் நிலைமை வேறு. உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் என்று பாடநூல்கள் வர்ணிக்கும் அப்பொருளை, ஜெர்மனியில் மேயர்ஹோஃபின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கார்ல் லோமான் 1929இல் அறிவித்தார். அதே ஆண்டில் சிறிது பின்னர் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்தும் ஈரலிலிருந்தும் தாம் பிரித்தெடுத்ததை வெளியிட்டனர். இரு சாராரும் ஒருவரையொருவர் சாராமல் கண்டறிந்தனர். அச்சில் முந்தியவர் லோமான். ‘சுப்பாராவ் கண்டுபிடித்தார், உலகம் மறைத்தது’ என்பது சரியான அறிவிப்பன்று. ‘சுப்பாராவும் கண்டுபிடித்தார்’ என்பதே சரி. அந்த ஓர் உம்மையை விட்டுவிட்டால் வரலாறே மாறிவிடுகிறது.

ஃபிஸ்கேயைப் பற்றிய செய்தியையும் இங்கே ஆராய வேண்டும். சுப்பாராவ் தனித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகளை ஃபிஸ்கே பொறாமையால் வெளியிட விடவில்லை என்றும், அவற்றைப் பிறர் ஆண்டுகள் கழித்து மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் கூறியதாக ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளிலும் காண்கிறோம். ஹிட்சிங்ஸ் சாதாரணமானவர் அல்லர்; அதே துறையில் அக்காலத்தில் பயின்றவர்; 1988இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர். நேரில் அறிந்த, நம்பத்தகுந்த ராவி. எனவே அச்செய்தியைப் புறந்தள்ளல் ஆகாது. அதே வேளையில் அது ‘கபர் வாஹித்’, ஒருவர் வழிச் செய்தி. மற்றொருவரின் உள்ளத்தில் இருந்ததைப் பற்றிய கணிப்பும் அதில் கலந்திருக்கிறது. வெளியிடப்படவில்லை என்பதை நேரில் அறியலாம். பொறாமையால் என்பதை ஊகிக்கத்தான் முடியும். நமது பழைய கட்டுரையில் ஃபிஸ்கேயைக் கள்வர் போலச் சித்திரித்திருந்தோம். அதே மனிதரின் பெயரோடுதான் சுப்பாராவின் மிகச் சிறந்த கட்டுரை உலகை வலம் வந்தது என்பதை அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

ஹார்வர்டில் 1930இல் முனைவர் பட்டம் பெற்றும் நிலையான பேராசிரியப் பதவி அவருக்கு வாய்க்கவில்லை. 1940இல் லெடர்லி எனும் மருந்து நிறுவனத்திற்குச் சென்று, விரைவில் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். புகழ்ப் பட்டியலின் பெரும்பகுதி இந்த எட்டு ஆண்டுகளைச் சேர்ந்தது. சிக்கலும் இங்கேதான். தனி ஆய்வாளரின் பணி வேறு. இயக்குநரின் பணி வேறு. எதைத் தேடுவது, எவரை அமர்த்துவது, எப்போது கைவிடுவது, எந்த மருத்துவருக்கு எதை அனுப்புவது என்று தீர்மானிப்பவர் இயக்குநர். குடுவையைக் கையில் பிடித்தவர் பிறர். இவ்விரண்டையும் ஒன்றாக்கினால் எல்லாமே ஒருவர் செய்ததாகிவிடும்.

ஃபோலிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் வரலாறு நம் நாட்டிலேயே தொடங்குகிறது. பம்பாயில் கருவுற்ற ஆலைத் தொழிலாளிப் பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் எனும் ஆங்கிலேயப் பெண்மணி, ஈஸ்டிலிருந்து பெறப்படும் சாறு அதனைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். 1941இல் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகியோர் பசலைக் கீரையிலிருந்து பிரித்ததற்கு ‘இலை’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் பெயரிட்டனர். 1943இல் லெடர்லியில் ஸ்டோக்ஸ்டாட் ஈரலிலிருந்து அதனைத் தூய படிகமாக எடுத்தார். 1945இல் செயற்கையாக ஆக்கிய செய்தி வெளியாயிற்று. அந்த அறிக்கையில் பதினாறு பெயர்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று சுப்பாராவ்.

கொடிய இரத்தசோகைக்கும் இதுவே முழுத் தீர்வு என்ற நம்பிக்கை அப்போது எழுந்தது. அது பொய்த்தது. இரத்தம் தேறியதே தவிர நரம்புக் கேடு நிற்கவில்லை. அதற்குரிய பி12 உயிர்ச்சத்தை 1948இல் வேறு இரு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். ஆனால் ஸ்ப்ரூ நோயாளிகள் ஃபோலிக் அமிலத்தால் தேறினர். உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு மருந்தான ஒன்று, தாம் இயக்கிய ஆய்வுக்கூடத்திலேயே படிகமாவதைக் கண்ட மனிதரின் மனநிலையை எண்ணிப்பார்க்கிறோம். அவர் அது குறித்து என்ன உணர்ந்தார் என்று நாம் கதை புனையப் போவதில்லை.

ஃபோலிக் அமிலத்தின் கதை அங்கே முடியவில்லை. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் எனும் மருத்துவர், இரத்தப் புற்றுநோய்ச் சிறாருக்கு ஃபோலிக் அமிலம் சார்ந்த பொருள்களைக் கொடுத்தபோது நோய் விரைவுபடுவதுபோலக் கண்டார். அப்படியாயின் அதற்கு எதிரான பொருள் நோயைத் தடுக்குமன்றோ? லெடர்லியில் சீகர் முதலியோர் உருவாக்கிய அமினோப்டெரின் ஃபார்பருக்கு அனுப்பப்பட்டது. 1948 ஜூனில் அவர் வெளியிட்ட அறிக்கையில் பதினாறு சிறாரில் பத்துப் பேர் தேறியதாகக் கூறினார். அத்தேற்றம் தற்காலிகமானது, குழந்தைகள் மீண்டும் நோயுற்றனர். எனினும் மருந்தால் இந்நோயைப் பின்வாங்கச் செய்யமுடியும் என்பது அன்றுதான் உறுதியாயிற்று. அறிக்கை வெளிவந்து இரு மாதங்களில் சுப்பாராவ் மறைந்தார். சித்தார்த்த முகர்ஜி 2010இல் வெளியிட்ட புற்றுநோயின் வரலாறு, ஃபார்பர், சுப்பாராவ் இருவரையும் ஒருசேர நிறுத்திக் காட்டியபின் ஆங்கிலம் படிப்போரிடையே இவர் பெயர் மீண்டும் பரவியது. ‘மறக்கப்பட்டவர்’ என்ற அடைமொழி இப்போது பாதி பழசாகிவிட்டது. அவரது நூற்றாண்டில், 1995இல், இந்திய அரசும் அஞ்சல்தலை வெளியிட்டுள்ளது.

அமினோப்டெரினின் உடன்பிறப்பு மெதொட்ரெக்சேட். நம் உறவினரான மூதாட்டி ஒருவர் மூட்டுவாதத்திற்காக அதனை வாரத்தில் ஒரு நாள் மட்டும் உண்கிறார். அம்மருந்தின் கடுமையைத் தணிக்க மற்றொரு நாளில் ஃபோலிக் அமிலம். நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடு என்று மருந்துக்கடைக்காரர் உறையின்மேல் கிழமையைப் பெரிதாக எழுதித் தந்திருக்கிறார். ஒன்றுக்கொன்று எதிரான இரு மாத்திரைகள், ஒரே ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள், ஒரே டப்பாவில் கிடக்கின்றன. நம் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருவுற்ற பெண்களுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்துத் தரப்படும் மாத்திரையிலும் இருப்பது அதே ஃபோலிக் அமிலம்தான். கருவுறுமுன்பே உண்டால் சிசுவின் முதுகுத்தண்டுக் குறைபாடு பெரிதும் தடுக்கப்படுகிறது என்பது 1991இல் வெளியான பிரிட்டன் ஆய்வால் நிறுவப்பட்டது. ஆய்வின் தாக்கத்தை மேற்கோள் எண்ணிக்கையால் அளப்போர் இதையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

எஞ்சிய இரண்டைச் சுருக்கமாகக் கூறுவோம். யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசீன் 1947இல் ஹெவிட் முதலியோர் வெளியிட்ட லெடர்லி ஆய்வின் பயன். சுப்பாராவும் அதன் ஆசிரியருள் ஒருவர். அது இரத்தத்தில் உலவும் நுண்புழுக்களை அழித்துப் பரவலைத் தடுக்கிறது. வீங்கிய காலைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. 2004 முதல் இந்திய அரசு ஆண்டுதோறும் பெருந்திரளான மக்களுக்கு அம்மாத்திரையை வழங்கத் தொடங்கியதே, ‘ஒழித்தவர்’ என்ற சொல் பொருந்தாது என்பதற்குச் சான்று. ஆரியோமைசினைப் பொறுத்தவரை, அதனை மிசௌரி மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து எடுத்தவர் பெஞ்சமின் டக்கர் எனும் முதிய தாவரவியலர். பணி ஓய்வு பெற்ற பின்னர் லெடர்லிக்கு வந்தவர் அவர். அம்மருந்து டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் உறுப்பு. டெட்ராசைக்ளின் எனும் தனி மருந்து பின்னர் வேறு நிறுவனத்தில் உருவானது. சுப்பாராவைப் புகழ்வதற்காக டக்கரின் பெயரைத் துடைத்தெறிவது, ஃபிஸ்கே செய்ததாக நாம் குற்றஞ்சாட்டும் அதே செயலன்றோ?

நோபல் பரிசைப் பற்றி ஒரு சொல். ஏடிபியை முதலில் அறிவித்த லோமானுக்கும் அது கிடைக்கவில்லை. ஃபிஸ்கேக்கும் இல்லை, ஃபார்பருக்கும் இல்லை. எனவே பரிசு கிடைக்காமையை இன வெறுப்பின் சான்றாகக் காட்டுவது பலவீனமான வாதம். அதற்காக இன வெறுப்பு இல்லை என்று நாம் கூறவில்லை. இந்தியர் அமெரிக்கக் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1923இல், அவர் அங்கு சேர்ந்த மறு ஆண்டே, தீர்ப்பளித்தது. 1946இல்தான் சட்டம் மாறியது. அவர் வாழ்நாளின் இறுதிவரை இந்தியராகவே இருந்தார். வலுவான சான்று கையிலிருக்க, வலுவற்றதைத் தூக்கிப்பிடிப்பதேன்?

இவ்வளவு நெறிமுறை எதற்கு, ஒரு நல்ல மனிதரைச் சற்று மிகையாகப் புகழ்ந்தால்தான் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். நம் கல்விக்கூடங்களின் அனுபவமே விடை. இப்னு நஃபீஸ் நுரையீரல் வழியான குருதியோட்டத்தை 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருந்தார். 1924இல் பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியைப் படித்த எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவி அதனை வெளிக்கொணர்ந்தார். ஏட்டை எடுத்துக் காட்டியதால் உலகம் ஏற்றுக்கொண்டது. ஆனால் நம்மில் பலர் அத்தோடு நில்லாமல், உடலின் குருதிச் சுற்று முழுவதையும் அவரே கண்டார் என்று மேடைகளில் முழங்கினோம். எதிர்ப்பவர் அந்த மிகையைப் பிடித்துக்கொண்டு உண்மையையும் சேர்த்து மறுத்தனர். பலவீனமான ஓர் அறிவிப்பு, பக்கத்திலிருக்கும் பலமான அறிவிப்பையும் ஐயத்திற்கு உள்ளாக்கிவிடுகிறது.

தெலுங்கரா, சென்னையின் மாணவரா, எவருக்கு உரியவர் என்ற வழக்கும் உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே பேருந்தில் ஒலிக்கும் இவ்வெல்லைப் பகுதியில் வாழும் நமக்கு அவ்வழக்கில் ஆர்வம் எழவில்லை. மற்றொன்றில்தான் மனம் தங்குகிறது. அவர் தம் பெயரை முன்னிறுத்தாத இயல்பினர் என்று எழுதியோர் அனைவரும் போற்றுகின்றனர். அப்பணிவு அழகியதுதான். ஆயினும் ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர், எது தம் எண்ணம், எது பிறர் உழைப்பு என்று குறித்து வைக்காமல் சென்றதால், பின்வந்தோர் விரும்பியதையெல்லாம் அவர்மேல் ஏற்றிச் சொல்ல வழி ஏற்பட்டது. ஸனதின்றி விடப்பட்ட புகழுக்கு அவரும் ஒரு வகையில் பொறுப்பாளர் என்றே நாம் கருதுகிறோம். அவர்மீது அன்புள்ளோர் இதனை ஏற்கமாட்டார்கள்.

இரு வாரங்கள் கழித்து அம்மாணவர் மீண்டும் எழுந்தார். இம்முறை வாசிக்குமுன் கரும்பலகையில் 1945ஆம் ஆண்டு அறிக்கையின் பதினாறு பெயர்களையும் தமிழில் எழுதினார். உச்சரிக்கத் தெரியாத பெயர்களில் தடுமாறியபோது அவை சிரித்தது. சுப்பாராவ் எத்தனையாவது என்று கேட்டோம். “ஏழாவது, ஹஜ்ரத்” என்றார். கட்டுரையின் தலைப்பையும் ‘பதினாறு பேரில் ஒருவர்’ என்று மாற்றியிருந்தார். அது நமக்கு முழு உடன்பாடன்று. அந்த நீல நிறத்தின் தயக்கத்தைக் கண்டவர்கள் இருவர்தாமே. அந்த 1925, 1927ஆம் ஆண்டுக் கட்டுரைகளை அடுத்த வியாழனுக்கு வைத்துக்கொண்டோம்.